யாழ்ப்பாணத் தீவகம்: நிலமும் வீதியும் படகும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரர், தென்னிலங்கையிலிருந்து வருகிற நண்பர்கள், தமிழ்நாட்டிலிருந்து நயினாதீவுக்கு நேர்த்தி வைத்து வருகிறவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்லிக் களைத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

தீவகம் என்றால் எந்தெந்தத் தீவுகள்? ஏழா, எட்டா?

ஏழு என்பது பழைய கணக்கு: வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு. 'சப்த தீவு' என்பார்கள். யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்திலேயே ஆட்கள் குடியிருக்கும் மண்டைதீவு அந்தக் கணக்கில் வருவதில்லை. அதையும் சேர்த்தால் எட்டு. இவை தவிர, ஆளில்லாத சின்னத் திட்டுகளும், தூரத்தில் கச்சதீவும் உண்டு.

நிர்வாகக் கணக்கு வேறு. அரசு இவற்றை நான்கு பிரதேச செயலகங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது: வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவு. இதனால் வருகிற குழப்பம் ஒன்று உண்டு. வேலணையும் ஊர்காவற்றுறையும் இரண்டு தீவுகள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரே தீவின் நடுப்பகுதி வேலணை, வடமேற்கு முனை ஊர்காவற்றுறை. வரைபடத்தில் 'லைடன் தீவு' என்று போட்டிருந்தால் அதுவும் இதேதான். ஒரு தீவுக்கு மூன்று பெயர். அதே நேரத்தில் புங்குடுதீவும் நயினாதீவும் தனித் தீவுகளாக இருந்தும் வேலணைப் பிரதேச செயலகத்துக்குள் அடங்கும்.

எந்தத் தீவுக்கு வாகனத்தில் போகலாம், எதற்குப் படகு வேண்டும்?

மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் நான்குக்கும் தாம்போதி வழியாக வீதி இருக்கிறது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்குக்கும் படகுதான். எட்டில் பாதி வீதி, பாதி கடல்.

ஆனால் எல்லாத் தீவையும் ஒரு சுற்றாகச் சுற்றி வரலாம் என்று நினைத்து வராதீர்கள். வீதிகள் இரண்டு தனிக் கைகளாகப் போகின்றன. ஒரு கை யாழ்ப்பாண நகரக் கரையிலுள்ள பண்ணை என்ற இடத்தில் தொடங்கி மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று தென்மேற்கே நீளும். மற்றக் கை வட்டுக்கோட்டைப் பக்கத்தால் பொன்னாலைக்குப் போய், அங்கிருந்து காரைநகருக்குள் இறங்கும். இரண்டு கைகளின் விரல்நுனியும் கிட்ட வந்து தொடாமல் நிற்கிற இடம்தான் ஊர்காவற்றுறை – காரைநகர் கடல். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தாம்போதி என்கிறீர்களே, அது பாலமா?

பாலம் என்றால் தூண் நாட்டி, மேலே தளம் போட்டு, கீழே தண்ணீர் ஓட விடுவது. தாம்போதி என்பது கடலுக்குள்ளேயே கல்லும் மண்ணும் கொட்டி வரம்புபோல உயர்த்தி, அதன்மேல் வீதி போடுவது. தண்ணீர் அங்கும் இங்கும் போய்வர இடையிடையே மதகு அல்லது சின்னப் பாலம் வைப்பார்கள். பேச்சில் நாங்கள் 'பண்ணைப் பாலம்', 'பொன்னாலைப் பாலம்' என்றுதான் சொல்வோம். பார்த்தால் பெரும்பகுதி தாம்போதிதான்.

இங்கே இப்படி வீதி போட முடிந்ததற்குக் காரணம் கடலின் ஆழம் குறைவு என்பதுதான். குடாநாட்டுக்கும் பக்கத்துத் தீவுகளுக்கும் நடுவிலுள்ள பரவைக்கடல் பல இடங்களில் ஓராள் உயரம்கூட இல்லை. வற்றுக்காலத்தில் மீன்பிடிக்கிறவர்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோவதைப் பண்ணையில் நின்றே பார்க்கலாம். வற்றுப்பெருக்கும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அலை அடித்து உடைக்கிற கடல் இல்லை. அதனால் தூண் பாலத்துக்குக் காசு இல்லாத காலத்தில் கல் கொட்டி வீதி போட முடிந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மதகுகள் போதாத இடத்தில் நீரோட்டம் மந்தமாகும், சேறு படியும், மீன் ஏறி இறங்கும் வழி அடைபடும். மதகு வாயில் வலை போடுவதற்குச் சண்டை பிடிப்பதும் அதனால்தான். மீன் அந்த வாயால்தானே போகவேண்டும்!

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு வழி சொல்லுங்கள்.

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 776ஆம் இலக்க பஸ் போகும். பஸ்ஸில் போனால் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாக் காலமென்றால் இன்னும் கூட.

நகரத்தில் பஸ் எடுத்துக் கோட்டையைத் தாண்டியதும் பண்ணைத் தாம்போதி தொடங்கும். முடிந்தால் யன்னலோரம் இருங்கள். இரண்டு பக்கமும் கடல். தண்ணீருக்குள் கம்பு நட்டு வலை கட்டிய களங்கண்டிகள் வரிசையாகத் தெரியும். கரையிலிருந்து நேராகப் போய் முனையில் அம்புத்தலைபோல விரியும். மீன் அந்த வலை வேலி வழியே நீந்திக் கூட்டுக்குள் விழவேண்டும் என்பது ஏற்பாடு. காலையில் ஒருவர் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு நடந்துபோய்க் கூட்டைத் தட்டுவார். அவர் காற்சட்டை நனைகிற உயரத்தைப் பார்த்தாலே கடலின் ஆழம் விளங்கிவிடும். அண்மைக் காலத்தில் கடலட்டைப் பண்ணைகளின் வலை வேலிகளும் இதோடு சேர்ந்துவிட்டன. மாரி முடிகிற காலத்தில் பூநாரைகள் வந்து நின்றால் பஸ் முழுவதும் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும்.

அடுத்து மண்டைதீவுச் சந்தி. இடது கைப்பக்கம் திரும்பினால் மண்டைதீவு. நேரே போனால் அல்லைப்பிட்டி, பிறகு மண்கும்பான். மண்கும்பான் என்ற பெயரே நிலத்தைச் சொல்லிவிடும்: மணல் கும்பி. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற மணல் மேடுகள் இங்கே இருந்தன. இருந்தன என்றுதான் சொல்லவேண்டும், பெருமளவு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இதைத் தாண்டி இடப்பக்கம் சாட்டிக் கடற்கரைக்கு வழி பிரியும். குளிக்க வருகிறவர்கள் இங்கேதான் இறங்குவார்கள்.

பிறகு வேலணை. இங்கே வங்களாவடிச் சந்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் வழி தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு வீதி ஊர்காவற்றுறைக்குப் போகும், மற்றது புங்குடுதீவுக்கு. நயினாதீவுக்கு என்று வந்தவர்கள் ஊர்காவற்றுறைக்குப் போய் நின்று "படகு எங்கே?" என்று கேட்பது நடக்கிற காரியம். அங்கேயும் படகு இருக்கும். ஆனால் அது அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகிற படகு!

புங்குடுதீவு வீதியைப் பிடித்தால் இரண்டாவது நீண்ட தாம்போதி வரும். வாணர் பாலம் என்பார்கள். இதற்காகப் பாடுபட்ட புங்குடுதீவு வாணர் சகோதரர்களின் பெயரால் வந்தது. பண்ணையைவிட இது எனக்குப் பிடிக்கும். நகரத்தின் சத்தம் இல்லை, எதிரே ஒரு வாகனம் வந்தால்தான் உண்டு. காற்று அடிக்கிற நாளில் மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்துதான் போகும். தாண்டியதும் மடத்துவெளி. அங்கிருந்து தீவைக் குறுக்கே கடந்து மேற்கு முனைக்குப் போனால் குறிகட்டுவான் இறங்குதுறை. ஆங்கிலத்தில் கே.கே.டி. என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். வீதி அங்கே முடிகிறது. முடிகிற இடத்தில் தேத்தண்ணிக் கடை.

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு நேரே போகலாமா? வரைபடத்தில் தொட்டுக்கொண்டு இருக்கிறதே?

போகலாம், 'பாதை' ஓடினால்.

இங்கே 'பாதை' என்றால் நடைபாதை இல்லை. தட்டையான ஒரு மிதவை. ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏறி நிற்க, அக்கரைக்குக் கொண்டுபோய் விடும். "பாதை ஓடுதா?" என்று ஒருவர் கேட்டால் அவர் வீதியைப் பற்றிக் கேட்கவில்லை. நடுவிலுள்ள கடல் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. பாதை பழுதென்றாலோ நேரம் தவறினாலோ, ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை, பண்ணை, யாழ்ப்பாணம், மானிப்பாய்ப் பக்கம், பொன்னாலை என்று சுற்றிக் காரைநகருக்கு வரவேண்டும். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அக்கரையில் துணி காயப்போடுவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் போய்ச் சேர மத்தியானமாகிவிடும்.

இங்கே பாலம் வேண்டும் என்று பல தலைமுறையாகக் கேட்கிறார்கள். பாலம் வந்தால் இரண்டு கைகளும் கோத்துக்கொண்டு தீவகம் ஒரு வட்டமாகிவிடும். அதனால் ஏற்படுகிற மாற்றம் எந்தப் புதுக் காப்பெற் வீதியாலும் வராது என்பது என் கருத்து.

பாதையில் போகிறபோது கடலுக்குள் நிற்கிற கோட்டையைப் பார்க்கத் தவறாதீர்கள். நாங்கள் கடற்கோட்டை என்போம், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வைத்த பெயர் ஹம்மன்ஹீல். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஹம்மன்ஹீல் என்றால் பன்றித் தொடையின் குதிப்பக்கம். இலங்கையின் வடிவம் அவர்களுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு மாங்காயாகத் தெரிகிறது. அவரவர் பசி. இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. இக்கரையில் ஊர்காவற்றுறைப் பக்கமும் ஒரு கோட்டையின் சுவர்கள் பற்றைக்குள் நிற்கின்றன. அதைத் தேடி யாரும் வருவதில்லை.

ஊர்காவற்றுறையை ஏன் கயிற்ஸ் என்கிறார்கள்?

போர்த்துக்கேய மொழியில் 'காயிஸ்' என்றால் இறங்குதுறை. அது ஆங்கிலேயர் வாயில் கயிற்ஸ் ஆனது. அதற்கு முந்திய பெயர் ஊராத்துறை. 12ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டொன்று, சிங்கள மன்னன் பராக்கிரமபாகு படையெடுப்புக்குக் கப்பல் கட்டிய துறைகளுள் ஊராத்துறையையும் சொல்கிறது.

அதே பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. அதை வாசித்தால் இந்தக் கடலின் சங்கதி முழுவதும் விளங்கும். பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானை, குதிரை கொண்டு வருகிற கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. எட்டு நூற்றாண்டுக்கு முந்திய விபத்துச் சட்டம்! கப்பல் உடைவது எழுதிவைக்கிற அளவுக்கு வழக்கமாக இருந்திருக்கிறது. மேலே தண்ணீர், சற்றுக் கீழே முருகைக்கல். அறியாதவன் ஓட்டினால் கப்பல் தங்காது.

நயினாதீவுக்கு எப்படி, எவ்வளவு நேரம்?

குறிகட்டுவானிலிருந்து பதினைந்து, இருபது நிமிடம். படகுகள் நாள் முழுக்க அடிக்கடி போய்வரும். பெரும்பாலும் மூடிய மரப் படகுகள். குனிந்து உள்ளே இறங்கி வாங்கில் இருக்கவேண்டும். இயந்திரச் சூடும் டீசல் மணமும் தூக்கலாக இருக்கும். வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் வாசற்படிக்குக் கிட்ட இடம் பிடித்துக்கொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டையைத் தந்தால் தலையணையாக வைக்காமல் போடுங்கள்.

அங்கே இரண்டு துறைகள்: ஒன்று நாகபூசணி அம்மன் கோயில் வாசலில், மற்றது நாகவிகாரைப் பக்கம். இரண்டுக்கும் நடுவே கடற்கரையோரமாக நடக்கலாம், பத்து நிமிடந்தான். பலரும் இந்தக் கரையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு முச்சக்கரவண்டி பிடித்து ஊருக்குள் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். பனங்கூடல், தோட்டம், பள்ளிவாசல், ஒழுங்கை எல்லாம் சின்ன அளவில் அடங்கிய முழு ஊர் அது. ஆனி மாதத் திருவிழாவில் போகிறவர்களுக்கு ஒன்று: வரிசை படகில் தொடங்குவதில்லை, புங்குடுதீவு வீதியிலேயே தொடங்கிவிடும்.

மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுதானா என்றும் கேட்பார்கள். ஆம் என்பவர்களும் இல்லை என்பவர்களும் உண்டு. படகில் வைத்துக் கேட்காதீர்கள், இறங்கும்வரை முடியாது.

நெடுந்தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்ப முடியுமா?

முடியும். முதற்படகைப் பிடித்தால் மட்டும்.

நெடுந்தீவு மற்றத் தீவுகளிலிருந்து தள்ளித் தென்மேற்கே, பாக்குக் கடலுக்குள் நிற்கிறது. குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் கடல். படகைப் பொறுத்தும் காற்றைப் பொறுத்தும் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நாளுக்குச் சில படகுகளே. அவையும் தீவு மக்களின் நாளுக்கு ஏற்றபடி அமைந்தவை: விடியக் காலையில் அங்கிருந்து ஆசுப்பத்திரிக்கும் கந்தோருக்கும் வருகிறவர்களைக் கொண்டுவந்து, பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் விடுவது. நீங்கள் வருகிற திசை இதற்கு நேர்மாறு. ஆகவே கடைசியாக உங்களுக்குத் திரும்பப் படகு எத்தனை மணிக்கு என்பதை, போய் இறங்கியதும் மாவலித்துறையில் கேட்டு உறுதிசெய்துகொண்டு அப்புறம் தீவில் திரிகிற குதிரைகளைப் பார்க்கப் போங்கள்.

உள்ளே வீதி எப்படி? துறைக்குக் கிட்ட நல்லது. தெற்கே போகப் போகக் கிறவலும் கல்லும். முச்சக்கரவண்டியும் 'பட்டா' என்கிற சின்ன லொறியும் வாடகைக்குக் கிடைக்கும். தீவு எட்டுக் கிலோமீட்டர் நீளம், ஆறு கிலோமீட்டர் அகலம். சைக்கிளில் சுற்றலாம், ஆனால் நிழல் இல்லை.

கல்வேலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மற்ற இடங்களில் பனையோலையாலும் கிடுகாலும் வேலி அடைப்பார்கள். நெடுந்தீவில் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலி. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கிட்டப் போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சியின் வீடு அப்படியே தெரியும், சிலவற்றில் மூளை மடிப்புப்போலக் கோடுகள். கற்களுக்கு நடுவிலுள்ள ஓட்டைகளால் காற்றுப் போகும், அதனால்தான் சோளகக் காற்று எத்தனை அடித்தாலும் வேலி விழுவதில்லை. ஒரு கல் விழுந்தால் போகிற வழியில் யாரோ தூக்கி வைத்துவிட்டுப் போவார். வண்டியோடு உரசினால் மட்டும் ஐந்தாறு கல் உங்கள் காலடியில்.

மற்றபடி குதிரைகள், பெருக்குமரம், புறாக்கூடு, ஒல்லாந்தர் கோட்டை என்று பார்க்கவேண்டியதை முச்சக்கரவண்டிக்காரரே வரிசையாகக் காட்டிவிடுவார். குதிரைகள் ஐரோப்பியர் காலத்தில் வளர்த்து விட்டவற்றின் வழி வந்தவை. கோடையில் தண்ணீரில்லாமல் அவை சாவதும் நடக்கிறது.

குமுதினி என்ற படகைப் பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன? படகை யார் நடத்துகிறார்கள்?

நெடுந்தீவுக்குப் பல படகுகள் ஓடியிருக்கின்றன: குமுதினி, வடதாரகை, 2017இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை, தனியார் படகுகள். இதில் குமுதினி மட்டும் ஒரு படகின் பெயராக நிற்கவில்லை. 1985 மே 15 அன்று நடுக்கடலில் அந்தப் படகை மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்கள் இருபதுக்கும் மேல், பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அதற்குப் பிறகும் அதே படகைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். ஏனென்றால் வேறு வழி இல்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் மாவலித்துறையில் விளக்கேற்றுகிறார்கள்.

குமுதினி, வடதாரகை இரண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தமானவை. வீதி போடுகிற திணைக்களத்துக்குப் படகு எதற்கு என்று நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். யோசித்தால் அதுதான் சரி. குறிகட்டுவானில் வீதி முடியவில்லை. அடுத்த பத்துக் கிலோமீட்டருக்குத் தாரும் கல்லும் இல்லை, அவ்வளவுதான். தீவுக்காரர் எவரும் படகை உல்லாசப் பயணமாகப் பார்ப்பதில்லை. பஸ் வராவிட்டால் திட்டுவதைப்போலப் படகு வராவிட்டாலும் திட்டுவோம்.

அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும்?

ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து. எழுவைதீவு கிட்ட, அனலைதீவு அதைவிடத் தூரம். தங்குமிடம், சாப்பாட்டுக்கடை என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். தெரிந்தவர் வீடு இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் தண்ணீர்ப் போத்தலோடு போய் அதே நாளில் திரும்புங்கள். அமைதி வேண்டுமென்றால் இவை இரண்டுக்கும் நிகரில்லை.

தீவுகளில் ஆறு, குளம் இல்லையா? குடிதண்ணீர் எங்கிருந்து?

ஆறு கிடையாது. நிலம் முழுவதும் சுண்ணாம்புக் கல், மேலே கொஞ்சம் மண் அல்லது மணல். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரந்தான். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் வருடத்துக்கே தண்ணீர். அந்த மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கும். நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீர் பாரம் கூடியது. கணக்குப்படி நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழே நாற்பதடி போய்விடும் என்பதுதான் இதன் மறுபக்கம். துலாவால் அள்ளியவரை இது தாங்கியது. மோட்டார் வந்த பிறகு நல்ல கிணறுகள் பல உவராகிவிட்டன.

இதற்கும் வீதிக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய. தீவக வீதிகள் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகின்றன என்று கேட்பவர்களுக்கு நான் கிணறுகளைத்தான் காட்டுவேன். நன்னீர் கிடைத்த இடத்தில் குடியிருப்பு வந்தது, குடியிருப்பையும் கோயிலையும் தொட்டுக்கொண்டு ஒழுங்கை வந்தது, வண்டி போய்ப்போய் ஒழுங்கை வீதியானது. நடுவிலுள்ள உவர்த் தரவை வெறுமையாகக் கிடக்கும். நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிதான் பெயர்போனது. அங்கே போகிற வழியில் கலன் கட்டிய சைக்கிள்களைப் பார்ப்பீர்கள்.

இத்தனை பெரிய வீடுகள் ஏன் கூரையில்லாமல் நிற்கின்றன?

1990, 91 காலத்தில் போர் காரணமாகத் தீவுகளின் பெரும்பகுதி மக்கள் வெளியேறினார்கள். ஒரு பகுதியினர்தான் திரும்பினார்கள். புங்குடுதீவார் அதற்கு முன்பே கொழும்பிலும் தெற்கிலும் கடை வைத்து வியாபாரம் செய்தவர்கள், பிறகு கனடா, சுவிஸ் என்று போய்விட்டார்கள். வீட்டுக்குள் ஆலமரம் வளர்ந்திருக்கும், பக்கத்திலுள்ள கோயில் புதுக் கோபுரத்தோடு மினுங்கும். இரண்டுக்கும் காசு ஒரே குடும்பத்திலிருந்து வந்திருக்கலாம். சுவரேறிப் படம் எடுக்காதீர்கள். பாழடைந்த வீட்டுக்கும் உடையவர் இருக்கிறார், பாழ்கிணறும் இருக்கிறது.

எந்த மாதம் வரலாம்?

மாசி, பங்குனி நல்லது. வெயில் ஏறாத காலம், கடலும் தணிந்திருக்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. இந்தக் காலத்தில் நெடுந்தீவுக் கடல் நன்றாகத் தூக்கிப் போடும். நயினாதீவுக்கு அவ்வளவு பயமில்லை. கார்த்திகை, மார்கழியில் தாழமுக்கம் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாளோ மூன்று நாளோ, யாரும் உறுதி சொல்ல முடியாது. விமானச் சீட்டுக்கு முதல்நாள் நெடுந்தீவில் நிற்காதீர்கள்.

லைடன், டெல்ஃப்ற் என்றெல்லாம் ஏன் பெயர்?

ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்களின் பெயரை வைத்தார்கள். வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைநகர் அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம். இன்றுவரை புழக்கத்தில் ஒட்டிக்கொண்டது நெடுந்தீவின் டெல்ஃப்ற் ஒன்றுதான், அதுவும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். பஸ்ஸில் "அம்ஸ்ரர்டாம் ஒன்று" என்று ரிக்கெற் கேட்டுப் பாருங்கள்.

கச்சதீவுக்குப் போகலாமா?

நினைத்தபோது முடியாது. ஆளில்லை, குடிதண்ணீர் இல்லை. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்கு வந்த தீவு, நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குள் அடங்குகிறது. மாசி, பங்குனியில் அந்தோனியார் கோயில் திருநாளுக்கு மட்டும் அனுமதி பெற்றுக் குறிகட்டுவானிலிருந்து போவார்கள். அக்கரையிலிருந்து இராமேசுவரத்துக்காரரும் வருவார்கள்.

கடைசிப் படகைத் தவறவிட்டால்?

எனக்கு நடந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன். நெடுந்தீவுக் கோட்டையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு மாவலித்துறைக்கு ஓடிவந்தபோது படகு முனையைத் தாண்டியிருந்தது. துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "போட்டுது தம்பி. இனி விடியத்தான்," என்றார். பிறகு, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். அன்று அவர் வீட்டில் ஒடியல் கூழ்.

இப்போது நெடுந்தீவில் வாடகை அறைகள் சில இருக்கின்றன. நயினாதீவில் கோயில் மடம் இருக்கிறது. குறிகட்டுவானில் தவறவிட்டால் கடைசி பஸ் போகுமுன் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிடுங்கள், ஏனென்றால் இருட்டிய பிறகு அந்தத் துறையில் நாய்களும் நீங்களும்தான்.